பாஸ்பரஸ் சேர்க்கும் பாக்டீரியாவிடம் வேலை வாங்குவது எப்படி? சிறிய எஸ்.டி.பி.க்கான முழு வழிகாட்டி

எஸ்.டி.பி.யிலிருந்து, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, வெளியே வரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வாடை இருக்காது, பி.ஓ.டி. (நீரில் உள்ள மக்கும் அழுக்கின் அளவு) அறிக்கையிலும் குறை இருக்காது. அதையே வளாகத்தின் அலங்காரக் குளத்தில் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஆகிவிடும். "காற்று போதவில்லை, ப்ளோயரை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள்" என்பார்கள். நானும் பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். பாஸ்பரஸ் விஷயத்தில் அந்த யோசனை பெரும்பாலும் காரியத்தைக் கெடுத்துவிடும்.

குளத்தைப் பச்சையாக்குவது பாஸ்பரஸ். பாசியின் உடலில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால், 1 கிராம் பாஸ்பரசை வைத்து 100 கிராமுக்கு மேல் உலர்ந்த பாசி வளர முடியும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973-ல் டேவிட் ஷின்ட்லரின் குழு நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையானது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு யாரும் அதிகம் வாதாடவில்லை.

கழிவுநீரில் இருக்கும் கார்பன் கரியமில வாயுவாகப் போய்விடும். நைட்ரஜனையும் வாயுவாக்கி அனுப்பிவிடலாம். பாஸ்பரசுக்கு அப்படிப் பறந்துபோகும் வழி கிடையாது. தண்ணீரில் இல்லையென்றால் ஸ்லட்ஜில் (பாக்டீரியா நிறைந்த சேற்றில்) இருக்கும், ஸ்லட்ஜில் இல்லையென்றால் தண்ணீரில் இருக்கும். அதைத் தண்ணீரிலிருந்து ஸ்லட்ஜுக்கு மாற்றி, அந்த ஸ்லட்ஜை வெளியே எடுக்க வேண்டும். முதல் பாதி வேலையைச் செய்ய ஒரு பாக்டீரியா கூட்டம் தயாராக இருக்கிறது. காற்றில்லாத ஒரு மணி நேரமும் நல்ல தீனியும் கொடுத்தால் போதும்.

அடகு வைக்கும் பாக்டீரியா

பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய மூவரும் 1959-ல் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார்கள். சில ஸ்லட்ஜுகள், காற்று கொடுத்ததும், வளர்வதற்குத் தேவையானதைவிட மிக அதிகமாகப் பாஸ்பேட்டை இழுத்துக்கொண்டன. 1965-ல் அமெரிக்காவில் லெவினும் ஷாப்பிரோவும் இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள்: காற்றை நிறுத்தினால் அதே ஸ்லட்ஜ் பாஸ்பேட்டைத் திரும்பக் கக்கியது. 1970-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஜேம்ஸ் பர்னார்டு நைட்ரஜனை நீக்கும் சோதனையில் இருந்தபோது பாஸ்பரசும் சேர்ந்து இறங்குவதைக் கவனித்தார். தொட்டி வரிசையின் முன்னால் காற்றே படாத ஒரு பகுதியை வைத்தால் இதை வேண்டுமென்றே செய்ய வைக்கலாம் என்று சொன்னவர் அவர். இன்று உலகமெங்கும் ஓடும் பெரிய நிலையங்களின் அடிப்படை அதுதான்.

உள்ளே நடப்பதை நான் ஆப்பரேட்டர்களுக்கு அடகுக் கடையை வைத்துத்தான் விளக்குவேன். இந்த பாக்டீரியா பாஸ்பேட்டைச் சங்கிலி சங்கிலியாகக் கோர்த்து உடலுக்குள் நகை மாதிரி சேர்த்து வைத்திருக்கும். காற்றில்லாத இடத்தில் மற்ற பாக்டீரியாக்கள் தீனி கண்ணெதிரே இருந்தும் எடுக்கச் சக்தியில்லாமல் நிற்கும்போது, இது நகையை அடகு வைத்து அரிசி வாங்கிவிடும். அதாவது பாஸ்பேட் சங்கிலியை உடைத்து, அந்தச் சக்தியில் அசிட்டிக் அமிலம் போன்ற எளிய அமிலங்களை உள்ளே இழுத்துக் கொழுப்பு போல ஒரு பொருளாகச் சேமிக்கும். உடைந்த பாஸ்பேட் தண்ணீருக்குள் வரும். அப்புறம் காற்று வந்ததும் சேமித்ததை எரித்துச் சம்பாதித்து, அடகு வைத்த நகையை மீட்பதோடு புதிதாகவும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வைத்ததைவிட அதிகமாக மீட்கிறதே, அந்த அதிகம்தான் நமக்குக் கிடைக்கும் லாபம்.

யார் இந்த பாக்டீரியா? வெகுகாலம் அசினெட்டோபாக்டர் என்று நம்பினார்கள். ஆய்வகத் தட்டில் அது நன்றாக வளர்ந்ததால் பெயர் அதற்குப் போய்விட்டது. மரபணு முறைகள் வந்த பிறகுதான் முக்கியமான வேலைக்காரன் அக்யூமுலிபாக்டர் என்று தெரிந்தது. 1999-ல் அந்தப் பெயரை வைத்தார்கள். இதைத் தனியாகப் பிரித்து வளர்க்க இன்னும் யாராலும் முடியவில்லை. ஆகவே பாஸ்பரஸ் எடுக்கும் பாக்டீரியா பவுடர் என்று பாக்கெட்டில் வரும் சரக்குக்குப் பணம் கொடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள். அது உங்கள் சாக்கடையிலேயே இருக்கிறது. அதற்கு ஏற்ற நிலைமையை உண்டாக்கினால் தானாகப் பெருகும்.

முதல் படி: காகிதத்தில் கணக்கு

நாளுக்கு 1 லட்சம் லிட்டர் ஓடும் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் நீரில் லிட்டருக்கு 7 மி.கி. பாஸ்பரஸ். நாளுக்கு 700 கிராம். வெளியே 1 மி.கி.க்குக் கீழே வேண்டுமென்றால் 600 கிராமாவது ஸ்லட்ஜோடு வெளியேற வேண்டும்.

பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மி.கி. என்றால் நாளுக்கு 25 கிலோ. அதில் பாதியளவு, சுமார் 12.5 கிலோ, உலர்ந்த ஸ்லட்ஜாக மாறும். சாதாரண ஸ்லட்ஜில் பாஸ்பரஸ் 2 சதவீதத்தைத் தாண்டாது. அப்படியானால் வெளியேறுவது 250 கிராம்தான். வெளியே போகும் நீரில் 4.5 மி.கி. மிஞ்சும். அதே ஸ்லட்ஜில் நம்முடைய பாக்டீரியா சேர்ந்து 5 சதவீதம் ஆனால் 625 கிராம் வெளியேறும்; நீரில் மிஞ்சுவது 0.75 மி.கி. அந்த 2-லிருந்து 5-க்குப் போகும் தூரம்தான் இந்த வழிகாட்டி முழுக்க. உங்கள் எண்களைப் போட்டு இந்தக் கணக்கை முதலில் செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1991-லேயே பாசி பிடிக்கக்கூடிய நீர்நிலைகளுக்குப் பெரிய ஊர்களின் நிலையங்கள் 1 மி.கி., நடுத்தர ஊர்கள் 2 மி.கி. என்று எல்லை வைத்தது. ஏரி, குளத்தில் விடுபவர்களுக்கு 1 மி.கி. நல்ல இலக்கு.

இரண்டாவது படி: அளவு

பாஸ்பேட் சோதனை கிட் நீலநிறம் காட்டும் வகை போதும். மூன்று இடத்தில் ஏமாறுவோம்.

ஒன்று, அலகு. சில கிட் பாஸ்பேட்டாகக் காட்டும், சில பாஸ்பரசாக. பாஸ்பேட் எண்ணை 3.06-ஆல் வகுத்தால் பாஸ்பரஸ். 6 என்று பார்த்து அலறியவர்களிடம் அது 2 என்று சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

இன்னொன்று, பாட்டில். சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய பாட்டிலில் பாஸ்பேட் ஒட்டியிருக்கலாம். வெறும் நீரில் பலமுறை அலசினால் போதும்.

மூன்றாவதுதான் பலரையும் கவிழ்ப்பது. தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு மதியம் சோதித்தால், பாட்டிலுக்குள் காற்று தீர்ந்து ஸ்லட்ஜ் பாஸ்பேட்டைக் கக்கியிருக்கும். எடுத்த இடத்திலேயே வடிதாளில் வடிகட்டுங்கள்.

மூன்றாவது படி: பக்கெட் சோதனை

நிலையத்தில் எதையும் மாற்றும் முன், உங்கள் ஸ்லட்ஜில் இந்த பாக்டீரியா ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். மூடியுள்ள பக்கெட்டில், காற்று ஊட்டும் தொட்டியான ஏரேஷன் டேங்க்கிலிருந்து 10 லிட்டர் எடுங்கள். குமிழி வராமல் மெதுவாக அரை மணி நேரம் கலக்கிக்கொண்டிருந்தால் உள்ளே மிஞ்சிய ஆக்சிஜன் தீரும். நைட்ரேட் இருந்தால் அதிக நேரம் ஆகும். நைட்ரேட் கிட் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரி எடுத்து வடிகட்டி அளந்துகொள்ளுங்கள்.

இப்போது சமையல் வினிகர் 25 மில்லி. கடை வினிகரில் 4 சதவீதம் அசிட்டிக் அமிலம் என்றால் இது 1 கிராம். பக்கெட்டில் லிட்டருக்கு 100 மி.கி. ஆகும். புளிப்பு ஏறாமல் இருக்க ஒன்றரை கிராம் சமையல் சோடாவை வினிகரோடு கலந்து, நுரை அடங்கியபின் ஊற்றுங்கள். காற்றுபடாமல் ஒன்றரை மணி நேரம் கலக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை அளவு.

பாக்டீரியா நன்றாக இருக்கும் ஸ்லட்ஜில் பாஸ்பரஸ் 10, 20, சில சமயம் 30 மி.கி. வரை ஏறும். தண்ணீர் கெட்டுப்போனதே என்று பதற வேண்டாம், அடகு வைப்பு நடக்கிறது. அப்புறம் மீன்தொட்டி பம்பை வைத்து மூன்று மணி நேரம் காற்று கொடுங்கள். ஏறியது அத்தனையும் இறங்கி, தொடக்க அளவுக்கும் கீழே போக வேண்டும். 1, 2 மி.கி.தான் ஏறியது என்றால் பாக்டீரியா குறைவு. தளர வேண்டாம், பெரும்பாலான குடியிருப்பு நிலையங்களில் நாள் முழுக்கக் காற்று ஓடுவதால் தொடக்கம் அப்படித்தான் இருக்கும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தொட்டிக்குள்ளும், காலியாக இருந்தாலும், யாரையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

நான்காவது படி: காற்றில்லாத அந்த ஒரு மணி நேரம்

எல்லாம் இங்கேதான் நிற்கிறது. ஒரே தொட்டியில் சுற்று சுற்றாக ஓடும் எஸ்.பி.ஆர். வைத்திருந்தால் கட்டுமான வேலையே இல்லை. டைமரை மாற்றினால் போதும். ஆறு மணி நேரச் சுற்றை இப்படிப் பிரிக்கலாம்: காற்றில்லாமல் கலக்கியபடி ஒன்றரை மணி, காற்றுடன் மூன்று மணி, படிய முக்கால் மணி, தெளிந்த நீரை வடிக்க அரை மணி, மிஞ்சிய கால் மணி ஓய்வு. கழிவுநீரை முதல் அரை மணிக்குள் மொத்தமாக உள்ளே விடுங்கள். ஏன் என்று அடுத்த பத்தியில் புரியும்.

இந்த நேரத்துக்கு எதிரிகள் இரண்டு. கரைந்த ஆக்சிஜன் ஒன்று. அது கொஞ்சம் இருந்தாலும் மற்ற பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு தீனியைத் தின்றுவிடும். அதைவிடப் பொல்லாதது நைட்ரேட், ஏனென்றால் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டரில் அது தெரியாது. மீட்டர் பூஜ்யம் காட்டும், நாமும் காற்றில்லை என்று நிம்மதியாக இருப்போம். உள்ளே சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையே சுவாசித்துக்கொண்டு தீனியைக் காலி செய்துகொண்டிருக்கும். 1 மி.கி. நைட்ரேட் நைட்ரஜன் ஏறக்குறைய 6 முதல் 8 மி.கி. சி.ஓ.டி.யை (வேதிமுறையில் அளக்கும் தீனியின் அளவு) விழுங்கும். 1 மி.கி. பாஸ்பரசை நீக்க எளிதில் கரையும் சி.ஓ.டி. 10 மி.கி.க்கு மேல் தேவை என்பதால், திரும்பி வரும் ஒவ்வொரு மி.கி. நைட்ரேட்டும் நம் லாபத்தில் முக்கால் மி.கி. பாஸ்பரசைக் கடித்துவிடும். கழிவுநீரை வேகமாக விட்டால் போன சுற்றில் மிஞ்சிய நைட்ரேட் முதல் சில நிமிடத்திலேயே தீர்ந்து, மிச்ச நேரம் சுத்தமாகக் கிடைக்கும்.

தனித்தனித் தொட்டியாக ஓடும் நிலையத்தில், ஏரேஷன் டேங்க்குக்கு முன்னால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நீர் தங்கும் அளவுக்கு ஒரு தொட்டியோ தடுப்போ வேண்டும். கழிவுநீரும் திரும்பி வரும் ஸ்லட்ஜும் அங்கே சந்திக்க வேண்டும். ஸ்லட்ஜ் குழாய் உயரத்திலிருந்து சலசலவென்று விழுந்தால் காற்றையும் கூட்டிக்கொண்டு வரும்; வாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற பிளம்பிங் வேலை, ஆனால் நான் பார்த்த ஒரு நிலையத்தில் வேறு எதையும் தொடாமல் இது ஒன்றே வித்தியாசத்தைக் காட்டியது. கலக்குவதற்கு நீரில் மூழ்கும் மிக்சர் நல்லது. காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசரை லேசாகத் திறந்து வைத்துக் கலக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அந்த லேசான காற்றே போதும் கெடுக்க.

ஐந்தாவது படி: தீனி

காற்றை நிறுத்துவது சரி, உள்ளே எளிய அமிலம் இல்லையென்றால் பாக்டீரியா எதை வாங்க அடகு வைக்கும்? நம்மூர் வெப்பத்தில் சாக்கடை நீர் வழியிலேயே புளித்து இந்த அமிலங்கள் இயல்பாகவே உண்டாகும். பிறகு, வரும் கழிவுநீரை முதலில் சேர்த்து வைக்கும் ஈக்வலைசேஷன் டேங்க்கில் வாடைக்குப் பயந்து இரவு பகலாகக் காற்று விட்டு அதையெல்லாம் எரித்துவிடுகிறோம். இங்கே காற்றுக்குப் பதில் மிக்சர் போட முடிந்தால் போடுங்கள், முடியாவிட்டால் காற்று நேரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். வாடைக்கு மூடியும் காற்றோட்டக் குழாயும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் தீனி போதவில்லையென்றால் வெளியிலிருந்து அசிட்டேட் சேர்க்கலாம். தினசரிச் செலவாக அது கையைக் கடிக்கும். நான் தொடக்கத்தில் இரண்டு வாரம் மட்டும் கொடுத்து நிறுத்திவிடுவேன்.

ஆறாவது படி: காற்று

காற்று நேரத்தில் கரைந்த ஆக்சிஜன் 1.5 முதல் 2 மி.கி. வரை. குறைந்தால் நகை மீட்பு பாதியில் நிற்கும். 4, 5 என்று ஏற்றினாலும் தப்பு: கரண்ட் பில் போக, அடுத்த சுற்றின் காற்றில்லாத நேரத்துக்குள் ஆக்சிஜன் மிஞ்சிப் போகும். பி.எச். 7.2-க்கு மேல் இருந்தால் நம் பாக்டீரியாவுக்குச் சாதகம்.

ஏழாவது படி: ஸ்லட்ஜை வெளியே எடுங்கள்

இங்கே பெரும்பாலானவர்கள் சறுக்குவார்கள். ஸ்லட்ஜ் எடுப்பது அழுக்கு வேலை, ஃபில்டர் பிரஸ் ரிப்பேர், லாரி வரவில்லை என்று ஒரு மாதம் தள்ளிப்போகும். பாக்டீரியா பாஸ்பரசைச் சேர்த்துவிட்டது, ஆனால் அதையெல்லாம் தொட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறோம். கடைசியில் வயதான செல்கள் செத்து எல்லாம் தண்ணீருக்கே திரும்பும்.

எளிய வழி: காற்று நேரம் முடியும் தறுவாயில், படிய விடும் முன், தொட்டியின் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை நாளொன்றுக்கு வெளியே எடுத்தால் ஸ்லட்ஜின் வயது 10 நாள். வெப்பமான ஊரில் 7, 8 நாளுக்கும் இறக்கலாம். அந்தத் தறுவாயில்தான் நகை முழுக்க பாக்டீரியாவின் உடம்பில் இருக்கும். எடுத்த ஸ்லட்ஜை அன்றே பிழியுங்கள் அல்லது உலர்களத்தில் பரப்புங்கள். இரண்டு நாள் தொட்டியில் தேக்கினால் பாஸ்பேட்டைக் கக்கிவிடும். பிழிந்த நீர் மீண்டும் ஈக்வலைசேஷன் டேங்க்குக்கே போவதால் பிடித்த திருடனைப் பின்வாசல் வழியாக விட்ட கதையாகிவிடும். உலர்ந்ததை மட்கவைத்துத் தோட்டத்துக்குப் போடலாம். பாஸ்பேட்டுக்குப் பெருமளவு இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில் அதைக் குப்பைமேட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

மாற்றம் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். ஸ்லட்ஜ் வயதைப்போல இரண்டு மூன்று மடங்கு காலம் பொறுக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சரியாக வரவில்லையென்றால்

காற்றில்லாத நேரத்தின் முடிவில் ஓர் அளவு, காற்று நேரத்தின் முடிவில் ஓர் அளவு. வாரம் இருமுறை இந்த இரண்டு எண்ணும் இருந்தால் நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

காற்றில்லாத முடிவில் பாஸ்பரஸ் ஏறவேயில்லையா? நைட்ரேட்டைப் பாருங்கள், அப்புறம் தீனியை. ஏறுகிறது, ஆனால் காற்றில் இறங்கவில்லையா? ப்ளோயர், டிஃப்யூசர் அடைப்பு. இரண்டும் சரியாக இருந்தும் வெளியே போகும் நீரில் மொத்தப் பாஸ்பரஸ் மட்டும் அதிகமா? கலங்கல் கூடப் போகிறது. பாஸ்பரஸ் 5 சதவீதம் உள்ள ஸ்லட்ஜ் லிட்டருக்கு 20 மி.கி. தப்பிப் போனாலே 1 மி.கி. பாஸ்பரஸ் ஆகிவிட்டது. அதற்கு மருந்து நல்ல மணல் வடிகட்டி.

நான்காவது வகை கொஞ்சம் நுட்பமானது. தீனி காற்றில்லாத நேரத்தில் தீர்ந்துபோகிறது, பாஸ்பரஸ் மட்டும் ஏறவில்லை. வேறொரு கூட்டம் உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். கிளைக்கோஜன் என்ற ரொக்கத்தைக் கையில் வைத்திருக்கும் பாக்டீரியாக்கள் இவை. அடகு வைக்காமலேயே அரிசியை வாங்கிவிடும். வெப்பமும் குறைந்த பி.எச்.சும் இவற்றுக்குப் பிடிக்கும். 25 டிகிரிக்கு மேல் இந்த முறையே தேறாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. சிங்கப்பூரின் நிலையங்களில் 30 டிகிரிச் சூட்டிலும் அக்யூமுலிபாக்டர் வேலை செய்வதைக் கண்ட பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. காற்றில்லாத நேரத்தை ஒரு மணிக்குக் குறைத்து, ஸ்லட்ஜ் வயதையும் குறைத்து, பி.எச்.சைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள்.

கடைசிக் காவலாக ஆலம் (அலுமினியம் சல்பேட்) வைத்துக்கொள்ளலாம். 1 கிராம் பாஸ்பரசுக்குக் காகிதக் கணக்கில் 10 கிராம், நடைமுறையில் 15 முதல் 20 கிராம் பிடிக்கும். ஏரேஷன் டேங்க்கில் கொட்டாதீர்கள், பாக்டீரியாவுக்கு வேண்டிய பாஸ்பேட்டையே பறித்துவிடும். படிந்து தெளிந்த நீரில், வடிகட்டிக்கு முன்னால் போடுங்கள்.

இன்னொன்று. பொங்கலுக்குப் பாதிக் குடியிருப்பு ஊருக்குப் போய்விடும். கழிவுநீர் குறையும், டைமர் மட்டும் பழையபடி மூன்று மணி காற்றை ஓட்டிக்கொண்டிருக்கும். சேமித்த அரிசி தீர்ந்த பாக்டீரியா பட்டினியில் நகையை விற்கத் தொடங்கும். எல்லாரும் திரும்பி வந்து கழிவுநீர் முழு அளவில் பாயும் நாளில், அதைப் பிடித்து வைக்கச் சேமிப்பும் இருக்காது. குளத்துக்குப் போகும் நீரில் பாஸ்பரஸ் குதிக்கும். போகிக்கு முந்தின நாளே காற்று நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, டைமர் பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்: திரும்ப ஏற்ற வேண்டிய தேதியோடு.